ஏழு டேபிளுக்கு ஒரே டெம்ப்ளேட்!

"தம்பி, இவரோட கிரியேட்டினின் இன்னிக்கு 2.1. நானே மெஷின்ல பார்த்தேன். உங்க ரிப்போர்ட்ல 1.3னு வருதே?"

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன் அக்கா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அந்த நிலையத்துக்கு ரிப்போர்ட் அச்சிடும் சாஃப்ட்வேரை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அன்று வெள்ளோட்டம்தான். எந்த ரிப்போர்ட்டும் நோயாளி கைக்குப் போகவில்லை. நல்லவேளை!

நடந்தது என்ன தெரியுமா? ரிப்போர்ட்டில் "இன்றைய அளவு", "சென்ற முறை அளவு" என்று இரண்டு நெட்டு வரிசைகள். சிறுநீரகப் பரிசோதனை டேபிளில் மட்டும் இந்த இரண்டின் தலைப்புகள் இடம் மாறியிருந்தன. கீழே இருந்த எண்கள் மாறவில்லை. அதைப் படிக்கும் டாக்டருக்கு என்ன தோன்றும்? போன முறை 2.1 இருந்தது, இப்போது 1.3 ஆகக் குறைந்துவிட்டது, சிறுநீரகம் தேறி வருகிறது என்று தோன்றும். உண்மை நேர் எதிர்.

கம்ப்யூட்டர் பிழைச் செய்தி எதுவும் தரவில்லை. தரவும் தராது. ஏனென்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. பிழை என்னுடையது. ஒரே நிரல் வரிகளை ஆறு முறை காப்பி செய்து பேஸ்ட் செய்து வைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தை விட்டதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் புரியும்படி அடிப்படையில் இருந்தே வருகிறேன். கடைசியில் நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம்.

எக்ஸ்எம்எல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது

எக்ஸ்எம்எல் என்பது தகவல்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கும் முறை. மளிகைக் கடையில் டப்பாக்கள் மேல் "துவரை", "உளுந்து" என்று எழுதி வைப்பார்கள் அல்லவா, அதே கதைதான். இந்தச் சீட்டுகளை டேக் என்கிறோம். "இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வேர்ட் 2007 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு இருந்தால், நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் எக்ஸ்எம்எல்தான். சந்தேகம் இருந்தால், டாட் டாக்எக்ஸ் என முடியும் ஒரு ஃபைலை வேறு பெயரில் காப்பி எடுங்கள். பெயரின் கடைசிப் பகுதியை டாட் ஜிப் என மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்ட் என்ற போல்டரில் டாக்குமென்ட் டாட் எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் இருக்கும். (காப்பி எடுத்துத்தான் செய்ய வேண்டும். ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்.)

எச்டிஎம்எல்லில் டேக்குகள் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டவை. எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரை நாமே வைக்கலாம். தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அந்த ரிப்போர்ட்டின் தகவலைச் சுருக்கித் தமிழ் டேக்குகளுடன் தருகிறேன்:

<ரிப்போர்ட்>
  <பிரிவு தலைப்பு="சிறுநீரகம்">
    <பரிசோதனை>
      <பெயர்>கிரியேட்டினின்</பெயர்>
      <இன்று>2.1</இன்று>
      <முன்பு>1.3</முன்பு>
    </பரிசோதனை>
  </பிரிவு>
</ரிப்போர்ட்>

இதில் கட்டம், கோடு, நிறம் எதுவும் இல்லை. வெறும் தகவல்தான். இதை அழகான டேபிளாக மாற்ற இன்னொரு ஃபைல் வேண்டும். அதுதான் ஸ்டைல்ஷீட். அதை எழுதும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. ஜேம்ஸ் கிளார்க் என்பவரைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999 நவம்பரில் இதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. 2007-ல் 2.0, 2017-ல் 3.0 வந்தன. ஆனாலும் பழைய 1.0 பதிப்பைத்தான் இன்றும் நிறைய இடங்களில் பார்க்கிறேன். அந்த லேபிலும் அதுதான்.

ஸ்டைல்ஷீட்டுக்குள் டெம்ப்ளேட் என்ற பகுதிகள் இருக்கும். டெம்ப்ளேட் என்பது முறுக்கு அச்சு மாதிரி. "இந்த டேக் வந்தால் இப்படிப் பிழிந்து கொடு" என்று அதில் எழுதி வைக்கிறோம். மாவு எக்ஸ்எம்எல்லில் இருந்து வரும்.

பதினான்கில் ஒன்று

லேப் ரிப்போர்ட்டில் ஏழு டேபிள்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு, ரத்த அணுக்கள், சிறுநீர், சிறுநீரகம். முதல் டேபிளுக்கு டெம்ப்ளேட் எழுதினேன். தலைப்பு வரிசையில் மூன்று செல். அதன் கீழே ஃபார்-ஈச் என்ற கட்டளை. "ஒவ்வொரு பரிசோதனைக்கும் இதைத் திரும்பச் செய்" என்பது இதன் பொருள். அதற்குள் மறுபடி மூன்று செல். ஒவ்வொன்றிலும் வேல்யூ-ஆஃப் என்ற கட்டளை. "இந்த டேக்கில் உள்ளதை எடுத்து இங்கே போடு" என்பது அதன் வேலை. அகலம், கோடு, எழுத்தளவு எல்லாம் சேர்த்து சுமார் 35 வரிகள்.

நன்றாக வேலை செய்தது. உடனே என்ன செய்தேன்? கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. ஆறு முறை. அரை மணி நேரத்தில் ஏழு டேபிளும் தயார். மேனேஜரிடம் பாராட்டும் வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து லேபில் இருந்து சின்ன வேண்டுகோள் வந்தது. "சென்ற முறை அளவு முதலில் வருகிறது. இன்றைய அளவை முன்னால் போடுங்கள்." சின்னதுதான். ஆனால் ஏழு டேபிள், ஒவ்வொன்றிலும் தலைப்பு ஒரு இடம், செல் ஒரு இடம். மொத்தம் 14 இடங்களில் மாற்ற வேண்டும். நான் 13 இடங்களில் மாற்றினேன். இரவு பதினோரு மணி, கடைசி டேபிள். தலைப்பை மாற்றியபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து சேவ் செய்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று நீங்கள் சொல்லலாம். என் மேனேஜரும் அதைத்தான் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 14 இடங்களில் கவனமாக இரு என்று மனிதரிடம் சொல்வதைவிட, ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்று ஏற்பாடு செய்வதுதான் கம்ப்யூட்டர் வேலை. இல்லாவிட்டால் அந்தப் பெட்டி எதற்கு?

முதல் படி: ஒரே அச்சு

ஏழு டெம்ப்ளேட்டுகளை ஒன்றாக்குவது எளிது. எக்ஸ்எஸ்எல்டியில் டெம்ப்ளேட்டுக்கு ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது கால்-டெம்ப்ளேட் என்ற கட்டளையால் கூப்பிடலாம். கூப்பிடும்போது "தலைப்பு இது" என்று கையில் கொடுத்தும் அனுப்பலாம். அப்படிக் கொடுப்பதற்கு வித்-பாராம் என்று பெயர். வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் பாராம்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன்.

சிறுநீரகம் என்ற சொல்லை அனுப்ப நினைத்து, செலக்ட் என்ற இடத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் அதை அப்படியே எழுதினேன். தலைப்பு காலியாக வந்தது. ஏன்? எக்ஸ்எஸ்எல்டி அதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளாது. "சிறுநீரகம் என்ற பெயரில் டேக் இருக்கிறதா?" என்று தேடும். இருக்காது. காலியாக விட்டுவிடும். சொல்லாகவே அனுப்ப வேண்டுமென்றால் இரட்டைக் குறிக்குள் இன்னொரு ஒற்றைக் குறியும் போட வேண்டும்.

இன்னொன்று, கொடுக்கும் பக்கம் ஒரு பெயர், வாங்கும் பக்கம் ஓர் எழுத்து மாறிய பெயர். 1.0 பதிப்பில் இது பிழையே இல்லை! கொடுத்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 2.0 பதிப்பில் இதைப் பிழையாக்கிவிட்டார்கள். எனவே, டேபிள் காலியாக வந்தால் முதலில் பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோடு, நிறம், அகலம் போன்றவற்றை டெம்ப்ளேட்டில் எழுதவே வேண்டாம். டேபிளுக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து, அலங்காரத்தை சிஎஸ்எஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். பாதி வரிகள் அதிலேயே குறைந்துவிடும்.

இப்போது 14 இடங்கள் இரண்டாகிவிட்டன. தலைப்பு ஒரு இடம், செல் ஒரு இடம். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் என்னை மாட்டிவிட்டது எது? தலைப்பு ஒரு இடத்திலும் எண் இன்னொரு இடத்திலும் இருந்ததுதானே? அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் படி: தலைப்பும் எண்ணும் ஒரே வரியில்

நெட்டு வரிசைகள் என்னென்ன என்பதைத் தனியாக ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி வைத்தேன்:

<வரிசைகள்>
  <வரிசை தலைப்பு="பரிசோதனை" டேக்="பெயர்"/>
  <வரிசை தலைப்பு="இன்றைய அளவு" டேக்="இன்று"/>
  <வரிசை தலைப்பு="சென்ற முறை அளவு" டேக்="முன்பு"/>
</வரிசைகள்>

பார்த்தீர்களா? என்ன தலைப்பு, அதன் கீழே எந்தத் தகவல், இரண்டும் ஒரே வரியில். தலைப்பை நகர்த்தினால் எண்ணும் கூடவே நகரும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை நகர்த்தவே முடியாது.

டெம்ப்ளேட் இந்த ஃபைலை டாக்குமென்ட் என்ற ஃபங்ஷன் மூலம் படித்துக்கொள்ளும். ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், ஸ்டைல்ஷீட் இருக்கும் போல்டரில்தான் தேடும். எனவே இரண்டையும் ஒரே போல்டரில் வையுங்கள். பிறகு வேலை இப்படி நடக்கும். தலைப்பு வரிசைக்கு, இந்தச் சின்ன ஃபைலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு செல் போட்டு அதன் தலைப்பை எழுதும். அடுத்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு படுக்கை வரிசை. அந்தப் படுக்கை வரிசைக்குள் மறுபடி சின்ன ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு செல். அந்த வரியில் சொல்லப்பட்ட டேக் பெயரும், பரிசோதனைக்குள் இருக்கும் டேக்கின் பெயரும் ஒன்றா என்று நேம் ஃபங்ஷனால் ஒப்பிட்டு, ஒன்றாக இருப்பதை எடுத்துப் போடும்.

ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி. இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். உள் சுழற்சிக்குள் நுழைந்ததும், எக்ஸ்எஸ்எல்டியின் கண் சின்ன ஃபைலுக்குப் போய்விடும். "இன்று எங்கே?" என்று கேட்டால் அங்கேதான் தேடும். நோயாளியின் தகவல் அதன் கண்ணில் படாது. எல்லா செல்லும் காலி! இதற்கு வழி, உள்ளே நுழையும் முன்பே தற்போதைய பரிசோதனையை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்துக்கொள்வது. உள்ளே போன பின் அந்த வேரியபிளைக் கேட்டு எடுக்க வேண்டும். ஒரு வரிதான். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது.

தமிழில் டேக் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கோ வெவ்வேறு. ஒரு ஃபைலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், பெயர் பொருந்தாது, செல் காலியாகும். நெட்டு வரிசைகளுக்கு நான் பெயர், இன்று, முன்பு என்று வைத்ததே இதற்காகத்தான். மூன்றிலும் ஒகரம், ஓகாரம், ஔகாரம் கிடையாது!

செல்லைப் போடுவது யார்?

இது கொஞ்சம் நுணுக்கமானது. ஆனால் முக்கியமானது என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

சில எண்கள் வழக்கமான அளவைத் தாண்டினால் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்றார்கள். இதற்கு அப்ளை-டெம்ப்ளேட்ஸ் என்ற கட்டளை பொருத்தமானது. எல்லா டேக்குக்கும் பொதுவாக ஒரு டெம்ப்ளேட், "இன்று" என்ற டேக்குக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதி வைத்தால், தனிப்பெயர் உள்ளதற்கே முன்னுரிமை கிடைக்கும். வேறு எதையும் தொட வேண்டாம்.

நான் ஆர்வத்தில், செல்லைப் போடும் வேலையையும் அந்த டெம்ப்ளேட்டுகளிடமே கொடுத்துவிட்டேன். சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு ஒரு நோயாளியின் தகவலை, "இன்று" டேக்கே இல்லாதபடி ஒன்றை நீக்கிச் சோதித்தேன். சூடு கண்ட பூனை அல்லவா! டேக் இல்லை என்றால் டெம்ப்ளேட் ஓடாது. டெம்ப்ளேட் ஓடவில்லை என்றால் செல் வராது. செல் வரவில்லை என்றால்? அதற்கு அடுத்த எண் இடது பக்கம் நகர்ந்து உட்காரும். சென்ற முறை அளவு மீண்டும் "இன்றைய அளவு" தலைப்பின் கீழ்! வேறு வழியில் அதே தவறு.

ஆகவே செல்லைப் போடுவது எப்போதும் சின்ன ஃபைலைச் சுற்றி வரும் சுழற்சியின் வேலையாக இருக்கட்டும். மூன்று வரி இருந்தால் மூன்று செல், தகவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். செல்லுக்கு உள்ளே என்ன எழுதுவது என்பதை மட்டும் டெம்ப்ளேட்டிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டுமா?

வேண்டாம். மாற்றி எழுதியதில் 250 வரிகள் 60 ஆகக் குறைந்தன. அந்த உற்சாகத்தில், ரிப்போர்ட்டின் அடியில் வரும் டாக்டர் குறிப்பு டேபிளையும் இதே அச்சில் போட முயன்றேன். அதில் எண்களே கிடையாது. இரண்டு செல்லைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும், தலைப்பு வரிசை கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராம் சேர்த்துக்கொண்டே போனேன். ஐந்தாவது பாராம் வந்தபோது, நான் எழுதியது எனக்கே புரியவில்லை. பிரித்துத் தனி டெம்ப்ளேட்டாக எழுதினேன், பன்னிரண்டு வரிதான். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றாக்காதீர்கள். "இதை மாற்றினால் அதையும் கட்டாயம் மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் ஒன்றாக்குங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

லேப் ரிப்போர்ட் வேண்டாம். வீட்டில் அப்பாவோ அம்மாவோ சர்க்கரை அளவை நோட்டில் குறித்து வைப்பவர்களாக இருந்தால் அதுவே போதும். ஒவ்வொரு மாதமும் ஒரு பிரிவு. தேதி, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என மூன்று நெட்டு வரிசைகள். டேக் பெயருக்குள் இடைவெளி வரக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நோட்பேடில் டைப் செய்து, சேவ் அஸ் கொடுக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் டேக்குகள் தமிழில் இருக்கலாம். எக்ஸ்எஸ்எல்டி கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

அடுத்து, இதை ஓட்டுவது எப்படி? ஒரு காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்தாலே டேபிள் வந்துவிடும். பழைய புத்தகங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். 2022-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ல் அந்த ப்ரௌசருக்கு விடை கொடுத்துவிட்டது. குரோம் தயாரிப்பாளர்களும் எக்ஸ்எஸ்எல்டி வசதியை நீக்கப் போவதாக 2025-ல் அறிவித்தார்கள். எனவே ப்ரௌசரை நம்பாமல் தனிக் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் என்ற இலவசக் கருவி எளிதாகக் கிடைக்கும். 1.0 பதிப்புக்கு அது போதும். விண்டோஸில் ஜாவா நிறுவியிருந்தால், மைக்கேல் கே உருவாக்கிய சாக்ஸன் கருவியின் இலவசப் பதிப்பான எச்இ நன்றாக ஓடும். புதிய 3.0 பதிப்பும் அதில் கிடைக்கும். டாட்நெட்டில் உள்ள எக்ஸ்எஸ்எல்டி வசதியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் டாக்குமென்ட் ஃபங்ஷன் பாதுகாப்புக்காக ஆஃப் செய்யப்பட்டிருக்கும். செட்டிங்கில் நாமே ஆன் செய்தால்தான் சின்ன ஃபைலைப் படிக்கும்.

கருவி எதுவானாலும், முதல் முறை டேபிள் சரியாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு சோதனைகள் செய்யுங்கள். தகவல் ஃபைலில் நடுவில் ஒரு டேக்கை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். அந்த செல் காலியாக இருக்க வேண்டும், பக்கத்து எண் அங்கே வந்து உட்காரக் கூடாது. அடுத்து, சின்ன ஃபைலில் இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றிவிட்டு ஓட்டுங்கள். தலைப்பும் எண்ணும் சேர்ந்தே இடம் மாற வேண்டும்.

லேபில் இரண்டாவது சோதனையை நான் செய்யவில்லை. அந்த அக்காவிடம் கீபோர்டைக் கொடுத்து, "நீங்களே ரெண்டு வரியை மாத்திப் பாருங்கக்கா" என்றேன். மாற்றினார். பிரின்ட் எடுத்தார். மெஷினில் தெரிந்த எண்களோடு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டார். ஏழு டேபிளும் முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார். "சரியா இருக்கு தம்பி. இனிமே வரிசை மாத்தணும்னா உங்களுக்குப் போன் பண்ண வேண்டாம்ல?"